எட்டாத இடத்துக் காரை



சமவெளியில் வாழும் நம்மில் பலருக்குப் புகைபோக்கி என்றவுடன் ஆலைகளின் நினைவே முதலில் வரும். வீட்டைப் பொறுத்த வரையில் அது சமையற்கட்டின் கூரையில் விட்ட ஒரு சிறு கூண்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ உள்ள ஒரு பழைய வீட்டை ஏறிட்டுப் பாருங்கள். கூரையின் முகட்டுக்கும் மேலே, செங்கல்லால் எழுப்பிய தூண் ஒன்று, சில வீடுகளில் இரண்டு மூன்று தூண்கள், நிமிர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் மூட்டும் கணப்பின் புகை அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் உதகையில் தமக்கென ஒரு கல் வீட்டை 1822-இல் எழுப்பத் தொடங்கினார். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிமார் முதல் பங்களாக்களை 1845-இல் கட்டினர். அன்று தொட்டு நூறாண்டுகளுக்கு மேலாக எழுந்துவந்த மலை வீடுகள் பல இன்றும் குடியிருப்பாகவும் விடுதியாகவும் பயன்படுகின்றன. கட்டியவர்கள் போய்விட்டனர், கணப்புகளும் புகைபோக்கிகளும் இருக்கின்றன. மார்கழியும் தையும் வந்தால், கடல் மட்டத்திற்கு 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், அவற்றில் நெருப்பும் எரிகிறது.

இவ்வீடுகளுக்கு உடையவர்கள் கூரையின் ஓட்டை ஆண்டுக்கொரு முறை பார்ப்பார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். புகைபோக்கியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் அசட்டை என்று நான் சொல்லமாட்டேன். பார்க்க முடியாத இடத்தில் அது இருக்கிறது என்பதே காரணம். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே உள்ள சந்தில் வைத்த காரை உதிர்ந்தால், தரையில் நிற்பவன் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கைக்கு எட்டாது. அந்த எட்டாத இடத்துக் காரையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதில் எதை வீட்டுக்காரர் தம் கையாலேயே செய்யலாம், எதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் காரையின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செங்கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை என்றே பலரும் அதனைக் கருதுகிறார்கள். பழைய கட்டடங்களில் அதன் வேலை அவ்வளவோடு நிற்பதில்லை. சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேறும் வழி அது. வெயிலாலும் நெருப்பாலும் செங்கல் விரிந்து சுருங்கும்போது சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் மெத்தையும் அதுவே. காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தர்களின் கொள்கை. ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஏதேனும் ஒன்று தேய்ந்தாக வேண்டுமென்றால் காரை தேயட்டும், செங்கல் நிற்கட்டும் என்பதே அதன் கருத்து. காரையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். கூரைக்கு மேலே நிற்கும் தூணில் செங்கல்லை மாற்றுவது அத்துணை எளிதன்று.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது, அதிலுள்ள கரியமில வாயு பிரிந்து போய்விடுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சந்தில் வைத்தால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. இந்த மாற்றம் மாதத்திற்குச் சில மில்லிமீட்டர் ஆழமே உட்செல்லும். இடம் முற்றும் உலர்ந்துவிட்டாலும் அது நின்றுவிடும். நீரில் ஊறிக் கிடந்தாலும் நின்றுவிடும். சிறிது ஈரமும் சிறிது காற்றும் சேர்ந்திருக்க வேண்டும். பின்னே நான் சொல்லப்போகும் பக்குவங்களுக்கெல்லாம் இதுவே காரணம்.

போர்ட்லண்டு சிமெண்டு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவரால் 1824-இல் உரிமை பதிவு செய்யப்பட்ட பொருள். அணை கட்டவும் பாலம் கட்டவும் அதற்கு ஈடில்லை என்பதை மறுப்பாரில்லை. ஆனால் சுண்ணாம்பில் கட்டிய பழைய புகைபோக்கியின் சந்தில் அதை வைத்துப் பூசுவது நன்மை என்று எண்ணிச் செய்யும் தீமை. சிமெண்டுக் காரை செங்கல்லைவிட வலிது. நீரையும் எளிதில் வெளிவிடாது. மழையில் நனைந்த செங்கல் சந்து வழியாக உலர முடியாமல், தன் முகம் வழியாகவே உலர வேண்டியதாகிறது. நீரோடு கரைந்து வந்த உப்பு அந்த முகத்தின் கீழ்த் தங்கிப் படிகமாகிறது. உதகையின் உறைபனியும் சேர்ந்துகொண்டால் செங்கல்லின் மேற்புறம் அப்பளம் போல் பெயர்ந்து விழுகிறது. குன்னூரில் நான் பார்த்த ஒரு வீட்டின் புகைபோக்கியில், சிமெண்டுச் சந்துகள் மட்டும் தேன்கூட்டின் சட்டம் போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, செங்கற்கள் அரை அங்குலம் உள்வாங்கிக் குழிந்திருந்தன. பூசியவர் வேலையைச் செம்மையாகவே செய்திருந்தார். பொருள்தான் தவறு.

நிலக்கரி எரிக்கும் நாடுகளில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. நிலக்கரியில் உள்ள கந்தகம் புகையோடு சென்று, ஈரமான புகைக்குழலில் சல்பேட்டாகிச் சிமெண்டுக் காரையைத் தாக்கும், காரை உப்பும். மழை அடிக்கும் பக்கத்தில் ஈரம் மிகுதியாதலால் அந்தப் பக்கத்துச் சந்துகளே மிகுதியாக உப்பி உயரும். அதனால் தூண் முழுவதும் மழைக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் வளையும். இங்கிலாந்தின் பழைய தெருக்களில் ஒரே திசையில் சாய்ந்த புகைபோக்கிகளை இன்றும் காணலாம். நம் மலைகளில் விறகே எரிபொருளாதலால் இந்த நோய் குறைவு.

மழை ஒரு பகை என்றால் புகை மற்றொரு பகை. அதைப் பற்றிச் சொல்லாமல் காரையைப் பற்றி மட்டும் பேசுவது பொருந்தாது. விறகோ கரியோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் பொருளோடு உயிர்வளி சேர்வதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது சேர்ந்துகொள்கிறது. தலைவலியும் மயக்கமும் குமட்டலும் முதலில் தோன்றும். உறங்குகிறவருக்கு அவையும் தெரியாமல் போகலாம். அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி குளிர்காலங்களில் மலை ஊர்களிலிருந்து வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். புகைபோக்கி உள்ள வீட்டில் அந்த அச்சம் இல்லை என்று எண்ணுகிறோம். குழலின் சந்துகள் முழுதாக இருக்கும் வரையில் அந்த எண்ணம் சரி. கீழ்க் கூடத்தில் மூட்டிய நெருப்பின் குழல் மேல்தளத்துப் படுக்கையறையின் சுவர் வழியாக மேலே செல்கிறது. அச்சுவரின் சந்து ஒன்று உதிர்ந்திருந்தால், கூடத்தில் இருப்பவர் குளிர் காய்ந்துகொண்டிருக்கையில் மேலே உறங்கும் குழந்தை நஞ்சை உட்கொள்ளக்கூடும். காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வெளியே சென்று உலாவினால் தெளிகிறது என்றால், பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கணப்பை அணைத்துவிட்டுப் புகைபோக்கியை ஆராயுங்கள். இவ்வாயுவைக் கண்டவுடன் ஒலி எழுப்பும் சிறு கருவிகள் இன்று விற்கின்றன. கணப்பு உள்ள வீட்டில் படுக்கையறைதோறும் ஒன்று இருப்பது நல்லது.

இனி ஆராயும் முறை. புகைபோக்கியில் நம் கைக்கு எட்டாத இடங்கள் நான்கு வகைப்படும் என்று சொல்லலாம். கூரைக்கு மேலே வெளியில் நிற்கும் தூண் ஒன்று. அத்தூணின் பின்புறம், கூரைச் சரிவு அதனோடு முட்டும் இடுக்கு மற்றொன்று. மூன்றாவது, மச்சு, அதாவது அறையின் மேற்கட்டுக்கும் கூரைக்கும் இடையே உள்ள இருண்ட வெளி. நான்காவது குழலின் உட்புறம். இவற்றுள் மக்கள் பெரிதாகக் கவலைப்படுவது முதலாவதைப் பற்றி, ஏனெனில் அது தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிறது. உயிருக்குக் கேடு விளைவிப்பது பெரும்பாலும் மூன்றாவது. வீட்டுக்காரர் தம் கையால் அச்சமின்றிச் செய்யக்கூடியதும் அந்த மூன்றாவதே என்பது நமது நற்பேறு.

மச்சில் ஏறி, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் பள்ளம் மேடு தெரியாது. காரை உள்வாங்கிய சந்துகள் நிழற்கோடுகளாகத் தோன்றும். செங்கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் தார் வழிந்தது போன்ற கறை இருந்தால் அங்கே குழல் கசிகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஈர விறகு எரியும்போது வரும் புகை, குளிர்ந்த குழலில் பிசினாகப் படிந்து, சந்து வழியே வெளியே ஊறுகிறது. சீகை, கற்பூர மரம் ஆகியவற்றை வெட்டிய சில வாரங்களுக்குள் எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இக்கறையைத் தவறாமல் காணலாம். இன்னொரு சோதனையும் உண்டு. நெருப்பில்லாத நாளில் ஒரு மின்கைவிளக்கை மூங்கிற் கழியின் நுனியில் கட்டிக் கீழே கணப்பின் வழியாகக் குழலுக்குள் ஒருவர் உயர்த்திப் பிடிக்க, மச்சில் விளக்கை அணைத்துவிட்டு மற்றொருவர் பார்த்தால், ஊடுருவிய வெடிப்புகளில் ஒளிக்கீற்று தெரியும். வளைந்து செல்லும் வெடிப்பில் ஒளி தெரியாது. அதற்குச் சாம்பிராணிப் புகைதான் துணை. கணப்பில் சிறிது தணலிட்டுச் சாம்பிராணியை நிறையத் தூவி, அறைச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு மேலே சென்று பாருங்கள். கண் காணாத வெடிப்பை மூக்கு காட்டிவிடும். நஞ்சு வாயுவுக்கு மணமில்லை என்றேன். அதற்கு நாம் மணம் கொடுத்துவிடுகிறோம்.

தூணின் வெளிப்புறத்தைத் தரையிலிருந்தே தொலைநோக்கியால் பார்க்கலாம். கைபேசியை நீண்ட கழியில் பொருத்திப் படம் எடுத்துப் பார்ப்பது இக்காலத்து எளிய வழி. கூரைச் சரிவின் பின்னுள்ள இடுக்கைப் பார்க்க அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பதற்கு உங்கள் ஊர் மழையே விடை சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மேற்குச் சரிவுகளில் தூணின் மேற்கு முகம் முதலில் தேயும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்வதால் அங்கே கிழக்கு முகத்தையும் கருத்தாகப் பார்க்க வேண்டும்.

பழுது எங்கே என்று தெரிந்த பிறகு பழங்காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை ஆழம் போதும். 10 மில்லிமீட்டர் அகலச் சந்தில் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை எடுத்தால், புதிய காரைக்கு நல்ல பிடிப்புக் கிடைக்கும். அதைவிடக் குறைவாகச் சுரண்டி மேலே மெழுகினால், அடுத்த மழைக்குள் பட்டை பட்டையாக உரிந்துவிடும். மெல்லிய உளியும் சிறு சுத்தியலும் தவிர வேறு கருவி வேண்டாம். சுழலும் அறுப்பு இயந்திரத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று சொல்வோர் உண்டு. செங்கல்லின் விளிம்பு ஒரு முறை அறுபட்டுவிட்டால் அதைத் திரும்பக் கொடுக்க அந்த இயந்திரத்தால் ஆகாது. முன்பே யாரேனும் சிமெண்டு பூசியிருந்தால், தட்டிப் பார்த்துப் பெயர்கிறதை மட்டும் எடுங்கள். செங்கல்லின் விளிம்பையும் சேர்த்துப் பிடுங்குமானால் அதை விட்டுவிடுவதே நலம். சுரண்டி முடித்ததும் தூசியைத் தூரிகையால் துடைத்துவிட்டு நீர் தெளியுங்கள். உலர்ந்த செங்கல் காரையிலுள்ள நீரைக் குடித்துவிடும். நீர் போனால் சுண்ணாம்பு கல்லாவதற்கு வழியில்லை. இன்று மாலை ஒரு முறையும் நாளைக் காலை ஒரு முறையும் தெளித்து, நீர் பளபளப்பது நின்று ஈரம் மட்டும் எஞ்சும் நிலையில் வேலையைத் தொடங்குவது பக்குவம்.

கலவைக்கு வருவோம். நம் நாட்டுக் கட்டடக் கலையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த பெருமையை நீங்கள் அறிவீர்கள். நான்கு முழச் சந்தைப் பூச அத்தனை ஆயத்தம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நன்றாக நீற்றி, நீர் மூடி, சில வாரங்கள் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய் போலிருக்கும். அதில் ஒரு பங்கும், மணல் இரண்டரைப் பங்கும், நன்கு பொடித்துத் துணியில் சலித்த செங்கற் பொடி, கொத்தர்கள் சுர்க்கி என்பது, அரைப் பங்கும் சேர்த்துப் பிசையுங்கள். சுர்க்கியை விட்டுவிடாதீர்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு போன்ற தூய சுண்ணாம்பு காற்றால் மட்டுமே இறுகக்கூடியது. மலையின் ஈரக் காற்றில் அது வாரக்கணக்கில் களியாகவே கிடக்கும். செங்கற் பொடியோ சுண்ணாம்போடு கூடி ஈரத்திலேயே இறுகும் குணத்தைக் கொடுக்கிறது. மணல் கூர்மையான பருமணலாக இருக்கட்டும். இப்போது ஆற்று மணலுக்குப் பதிலாகப் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு எங்கும் கிடைக்கிறது. அதிலுள்ள மாவுத் தூசியைச் சலித்து நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். கடல் மணல் கூடவே கூடாது. உப்பை நாமே சந்துக்குள் கொண்டுபோய் வைத்ததாகும். நீர் மிகக் குறைவாக, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும் அளவுக்குக் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். நெருப்பு நேரே படும் கணப்பின் உள்வாய்ச் செங்கற்களுக்கு மட்டும் இக்கலவை உதவாது. அங்கே தீக்களிமண் கலவையே தாங்கும்.

சுண்ணாம்பைக் கையாளுகிறவர் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். மச்சில் நிமிர்ந்து பார்த்தபடி வேலை செய்கையில் ஒரு துளி கண்ணில் விழுந்தாலும் பார்வைக்குக் கேடு. கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். விழுந்துவிட்டால் தேய்க்காமல் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

இப்போது எட்டாத இடத்திற்குள் காரையை எப்படிச் செலுத்துவது? புகைபோக்கிக்கும் மரச்சட்டத்திற்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான் இருக்கும். கரணை அதற்குள் போகாது. கொல்லரிடம் சொல்லி, சந்தின் அகலத்தைவிடச் சற்றே குறைந்த அகலமுள்ள இரும்புப் பட்டையை ஒரு முழ நீளத்தில் வெட்டி, நுனியில் நான்கு அங்குலத்தைச் செங்கோணமாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். இது காரையை உள்ளே அழுத்துவதற்கு. காரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கோ ஜிலேபி பிழிகிறவரின் துணியே தக்க கருவி. கெட்டித் துணியைக் கூம்பாகத் தைத்து, முனையில் ஓர் அடி நீளக் குழாயைக் கட்டி, கலவையைச் சற்றே இளக்கி உள்ளே இட்டுப் பிழிந்தால், கை போகாத இடத்திலும் சந்தின் அடியிலிருந்தே காரை நிரம்பி வரும். மேல்நாட்டுக் கொத்தர்களும் இதே போன்ற பையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே முறையில் முழு ஆழத்தையும் நிரப்பிவிட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்திற்கு ஓர் அடுக்கு வைத்து, வளைந்த பட்டையால் இறுக அழுத்தி, விரல் பதியாத அளவுக்கு அது இறுகிய பின் அடுத்த அடுக்கை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பகுதியைக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அழகு அங்கே தேவையில்லை; யாரும் பார்க்கப்போவதில்லை. வெற்றிடம் இல்லாமல் இறுகியிருக்கிறதா என்பதே கேள்வி.

கூரைச் சரிவு முட்டும் பின்புற இடுக்கிற்கு வேறு வழி. மங்களூரில் பாசல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் நாடெங்கும் பரவிய மங்களூர் ஓடு உங்கள் கூரையில் இருந்தால், உள்ளிருந்தே இரண்டு வரிசை ஓடுகளைத் தூக்கி எடுத்துவிடலாம். அப்போது எட்டாதது எட்டிவிடும். ஓட்டுக் கூரையின் பெரிய வசதி இது. மேலே ஏற வேண்டாம், கீழிருந்தே கழற்றலாம். அங்கே காரையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். தூணுக்கும் கூரைக்கும் இடையே நீர் புகாமல் மடித்து வைத்த ஈயத் தகடோ துத்தநாகத் தகடோ சந்துக்குள் செருகப்பட்டிருக்கும். அது பிதுங்கி வெளியே வந்திருந்தால், நீங்கள் எத்துணை நன்றாகப் பூசினாலும் நீர் தகட்டின் பின்னால் இறங்கி மச்சின் மரத்தை நனைக்கும். தகட்டை முதலில் செருகி, பிறகு காரை வையுங்கள். கூரை தகரமாக இருந்தால் இந்த வேலையைத் தொழிலாளரிடம் விடுங்கள். கல்நார்த் தகடாக இருந்தாலோ அதை வெட்டவும் துளைக்கவும் உடைக்கவும் கூடாது. அதன் நுண்தூசி நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும். அதன் மேல் காலும் வைக்காதீர்கள், திடீரென முறிந்து ஆளை உள்ளே விழுத்தும்.

வெளியில் நிற்கும் தூணைப் பற்றி நான் சொல்ல வேண்டியது சிறிதே. சாரம் கட்டாமல் அதைத் தொடக்கூடாது. ஏணியைப் புகைபோக்கியின் மேல் சாய்த்து ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காரை உதிர்ந்த தூண் என்று ஐயுற்றுத்தானே ஏறுகிறோம், அதன் மேலேயே நம் உயிரைச் சாய்க்கலாமா? நான்கு பக்கமும் மேடையுள்ள சாரத்தைக் கட்டிவிட்டால், மேலே உள்ள வேலை மச்சில் உள்ளதைவிட எளிது. சாரத்தின் செலவே பூச்சின் செலவைவிட மிகுதியாகும். ஆதலின் சாரம் நிற்கும் நாட்களிலேயே தூணின் தலைப்பூச்சு, மேல்மூடி, குழலின் உச்சியில் பறவை கட்டிய கூடு முதலியவற்றையும் பார்த்து முடித்துவிடுவதே சிக்கனம்.

எஞ்சியது குழலின் உட்புறம். கணப்பின் வாயிலிருந்து தோள் வரை கையை விட்டு எட்டுகிற அளவுக்கு நாமே பூசலாம். புகை நன்றாக இழுக்கப்படுவதற்காகக் குழலின் தொண்டையை ஒடுக்க வேண்டும் என்று ரம்போர்டு பிரபு 1796-இல் எழுதினார். அவர் முறைப்படி கட்டிய கணப்புகளில் அந்த ஒடுங்கிய தொண்டைக்கு மேல் ஒரு சிறு படி இருக்கும். உதிர்ந்த காரையும் புகைக்கரியும் அங்கேதான் வந்து தங்கும். அதைக் கையால் துழாவி எடுத்துப் பார்த்தாலே மேலே உள்ள நிலை தெரிந்துவிடும். கரி மட்டும் இருந்தால் துடைத்துவிடலாம். மணலும் சுண்ணாம்பும் கலந்து வந்தால் உட்பூச்சு உதிர்கிறது என்று பொருள்.

பழைய குழல்களின் உட்பூச்சு இங்கிலாந்தில் எதனால் செய்யப்பட்டது தெரியுமா? சுண்ணாம்போடு பசுஞ்சாணத்தைக் கலந்து பூசினார்கள். சாணத்திலுள்ள நார் பூச்சை வெடிக்காமல் பிடித்து வைத்தது. நம் வீட்டுத் தரையை மெழுகிய பொருள் அவர்கள் வீட்டுப் புகைக்குழலுக்குள் இருந்தது என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்குழல்களின் வரலாற்றில் இனிமையற்ற பகுதி ஒன்றும் உண்டு. உள்ளே கை எட்டாது என்பதற்காக அந்நாட்டில் சிறுவர்களையே குழலுக்குள் ஏற்றினார்கள். கரி துடைக்க ஏறிய அச்சிறுவர்கள் சிக்கி மூச்சுத் திணறி இறந்ததுண்டு. அத்தொழில் செய்தவர்களுக்கு வரும் ஒரு புற்றுநோயைப் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775-இலேயே எடுத்துரைத்தார். எனினும் 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. எட்டாத இடம் என்று நாம் இலேசாகச் சொல்கிறோம். எட்டவைப்பதற்கு நூறாண்டுக் காலம் மக்கள் கொடுத்த விலை அது.

இன்று யாரும் உள்ளே ஏற வேண்டியதில்லை. கயிற்றில் கட்டிய ஒளிப்படக் கருவியை இறக்கி உட்புறம் முழுவதையும் பார்த்துவிடலாம். இரண்டோர் இடத்தில் அன்றி, நெடுகப் பூச்சு உதிர்ந்திருந்தால் சந்து சந்தாகப் பூசுவதில் பயனில்லை. உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்குவதே வழி. அது வீட்டுக்காரர் வேலையன்று, தொழில் அறிந்தவரின் வேலை. அது முடியும் வரை அந்தக் கணப்பில் நெருப்பு மூட்டாதீர்கள். உடைந்த குழலில் படிந்த பிசின் தீப்பற்றினால் உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரியையும் தாண்டும். உதிர்ந்த சந்து வழியே அந்தத் தீ மச்சின் மரத்தை எட்டிவிடும். விருந்தினர் வருகிறார்கள், ஓர் இரவுதானே என்று எண்ணுவது இயல்பு. அந்த ஓர் இரவுக்குக் கம்பளி இருக்கிறது.

இவ்வேலைக்கு ஏற்ற பருவம் பங்குனி முதல் வைகாசியின் முற்பகுதி வரை. உறைபனி நீங்கியிருக்கும், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிராது. வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழ் இறங்கும் இரவுகளில் பூசிய காரை, உள்ளே நீர் உறைந்து, மாவாகிவிடும். கோடை மழை திடீரென வரக்கூடுமாதலால் வெளிப்புறச் சந்துகளின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வையுங்கள். வெயிலில் உலர்ந்துவிடாமலும் மழையில் கரைந்துவிடாமலும் இரண்டையும் அது காக்கும். ஒரு வாரம் வரை சாக்கை நனைத்துவர வேண்டும். மச்சுக்குள் காற்றோட்டம் குறைவாதலால் அங்கே அதைவிட மிகுந்த பொறுமை தேவை. காற்று நுழைய ஓர் ஓட்டைச் சற்றே நகர்த்தி வைத்தால் காரை நன்றாக இறுகும்.

சித்திரையில் பூசிய காரைக்கு அடுத்த குளிர்காலம் வரை ஆறேழு மாதம் கிடைக்கிறது. கார்த்திகையில் முதல் நெருப்பைப் பெரிதாக மூட்ட வேண்டாம். கையளவு உலர்ந்த சுள்ளிகளை எரித்து அணையவிடுங்கள். மறுநாள் அதைவிடச் சற்று மிகுதியாக எரிக்கலாம். நான்காம் நாள் விறகு வைக்கலாம். அதற்கு முன் தணலில் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவிவிட்டு, மச்சில் ஏறி மோந்து பாருங்கள்.